ஜனவரி 3, நரிதாவிலிருந்து இரவு விமானம்: கடைசி நாளுக்கு என்ன வழி?

வைகைக்கரை
டிசம்பர் 8, 2024

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். ஒசாகாவில் இறங்கி, கனசாவா, ஷிரகாவாகோ, கியோட்டோ என்று திட்டம் ஓரளவு உறுதியாகிவிட்டது. திரும்புவது ஜனவரி 3ஆம் தேதி இரவு 8 மணிக்கு, நரிதாவிலிருந்து சிங்கப்பூர் வழியாக. அந்தக் கடைசி நாளில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது.

3ஆம் தேதி காலை வரை கியோட்டோவில் இருந்துவிட்டு, புல்லட் ரயிலில் டோக்கியோ வந்து, அப்படியே விமான நிலையம் போய்விடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். "விமானம் இரவுதானே, பகல் முழுவதும் நம் கையில்தானே இருக்கிறது" என்பது அவர் வாதம். எனக்கு 2ஆம் தேதியே டோக்கியோ வந்துவிட வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி. முட்டைகூடத் தொடாத சைவம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. பெட்டிகள் நான்கு. அதில் ஒன்றைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும்.

பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லோரும் "கடைசி நாள்: கடைவீதி, விமான நிலையம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். போய் வந்தவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை
டிசம்பர் 8, 2024

பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். இரவு 8 மணி விமானத்துக்கு மாலை 5 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். டோக்கியோ நிலையத்திலிருந்து நரிதாவுக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். கியோட்டோவிலிருந்து டோக்கியோ, நொசோமி என்ற புல்லட் ரயிலில் இரண்டே கால் மணி நேரம். நடுவில் மாறுவதற்கு, பெட்டியோடும் அத்தையோடும், ஒரு மணி நேரம் வையுங்கள். பன்னிரண்டே முக்காலுக்காவது கியோட்டோவில் ரயில் ஏற வேண்டும். விடுதியைக் காலி செய்யும் நேரமும் அதையொட்டித்தான் வரும். உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் "பகல் முழுவதும்" எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சும்மா ஒருவன்
டிசம்பர் 9, 2024

இவ்வளவு பயம் எதற்கு? அந்த ரயில் நேரம் தவறுவது அபூர்வம். காலை ஆறரைக்கு விடுதியை விட்டுக் கிளம்பினால் ஃபுஷிமி இனாரியின் சிவப்பு வாயில்களைக் கூட்டமில்லாமல் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பலாம். பணம் கட்டி அவ்வளவு தூரம் போய்விட்டு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தியிருப்பது எந்த ஊர் நியாயம்? அண்ணன் சொல்வதுதான் சரி.

டோக்கியோவாசி
டிசம்பர் 9, 2024

ஒருவன் அண்ணா, ஏப்ரலில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்வேன். இது ஜனவரி 3.

ஜப்பானில் சொந்த ஊருக்குப் போனவர்கள் அனைவரும் டோக்கியோ திரும்பும் நாள்கள் 2, 3 தேதிகள். நம்மூர்ப் பொங்கல் முடிந்து சென்னை திரும்பும் கூட்டம் ரயிலில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடந்த ஆண்டு இறுதியிலிருந்து இந்த நெரிசல் நாள்களில் நொசோமி ரயில்களில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு மட்டும். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிடைத்த பெட்டியில் உட்கார்ந்துவிடலாம் என்பது இப்போது நடக்காது.

அடுத்து, பனி. டோக்கியோவில் வெயில் அடிக்கும். கியோட்டோவுக்கும் நகோயாவுக்கும் நடுவில் செகிகஹாரா என்று ஓர் இடம் இருக்கிறது. ஜப்பான் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலை இடுக்கு வழியாக அங்கே வந்து பனியைக் கொட்டும். தண்டவாளத்தில் தண்ணீர் தெளித்துப் பனியை நனைத்து வைப்பார்கள். இல்லாவிட்டால் ரயில் போகும் வேகத்தில் பனித்தூள் அடிப்பாகத்தில் ஒட்டி, கட்டியாகி, பிறகு விழுந்து ஜல்லியைச் சிதறடிக்கும். எவ்வளவு தெளித்தாலும், பனி கனமாக விழுகிற நாளில் அந்தப் பகுதியில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். விமானம் இல்லாத நாளில் இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

அந்த இரண்டு பேர் தூக்கும் பெட்டியையும் அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் போனால், பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். தனிக் கட்டணம் கிடையாது. செய்யாமல் ஏறினால் 1,000 யென்.

2ஆம் தேதியே வந்துவிடுங்கள். ஏ, பி, சி, டி, ஈ என்ற வரிசையில் "ஈ" இருக்கை கேட்டு வாங்குங்கள். ஃபுஜி மலை அந்தப் பக்கம்தான்.

வைகைக்கரை
டிசம்பர் 11, 2024

வீட்டுக்காரர் இந்த இழையை இரண்டு முறை படித்தார். "செகிகஹாரா" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் 2ஆம் தேதி மதிய ரயிலுக்கு ஐந்து டிக்கெட் எடுத்துவிட்டார். விடுதி டோக்கியோவின் உவேனோ பகுதியில், நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவு.

முதல் சண்டை முடிந்தது. 3ஆம் தேதி காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை இப்போது காலியாக இருக்கிறது. மகளுக்கு ஷிபுயா கடைவீதி. மகனுக்கு எங்கேயாவது பனி. அத்தைக்குக் கோயில். எனக்கு எங்காவது உட்கார இடம்.

பனை ஓலை
டிசம்பர் 11, 2024

நாங்கள் கொழும்பிலிருந்து நேரடி விமானத்தில் நரிதா வந்துபோகிறவர்கள். எங்களுடைய கடைசி நாள் எப்போதும் நரிதா ஊரில்தான். பலருக்கு நரிதா என்றால் விமான நிலையம் மட்டும்தான். அந்த ஊரில் 940ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய கோயில் ஒன்று இருக்கிறது, நரிதாசான் ஷின்ஷோஜி. விமான நிலையத்திலிருந்து ரயிலில் பத்து நிமிடம், இறங்கிப் பழைய கடைத்தெரு வழியாக ஒரு பதினைந்து நிமிட நடை.

உங்கள் அத்தைக்கு அங்கே ஒன்று கட்டாயம் பிடிக்கும். ஒரு நாளில் பல தடவை பிரதான மண்டபத்தில் தீ வளர்த்து ஹோமம் செய்வார்கள். குச்சிகளை அடுக்கி, எண்ணெய் வார்த்து, மந்திரம் சொல்லி, பெரிய முரசு அடித்து. கட்டணம் இல்லை, யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். முடியும் தறுவாயில் சனம் தங்கள் கைப்பையை, பிள்ளைகளின் புத்தகப் பையைக் கொண்டுபோய்க் கொடுக்கும். அர்ச்சகர் வாங்கி அந்தத் தீயின் மேல் காட்டித் திருப்பித் தருவார். எங்கள் அம்மம்மா முதல் தடவை பார்த்தபோது தன் கைப்பையைக் கொடுத்துவிட்டு, அதற்குள் கடவுச்சீட்டு இருப்பது நினைவு வந்து பதறிப்போனா. பை வடிவாகத் திரும்பி வந்தது.

தெருவில் செஸ்ட்நட் கொட்டை போட்ட யோக்கான் விற்பார்கள். சிவப்புப் பயறும் சர்க்கரையும் கடற்பாசியும் சேர்த்த கட்டி இனிப்பு. முட்டை, பால் எதுவும் இல்லை. ஊருக்குக் கொண்டுபோக அதைவிட நல்லது கிடையாது.

டோக்கியோவாசி
டிசம்பர் 12, 2024

பனை ஓலை சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி, ஜனவரி முதல் மூன்று நாள் தவிர. புத்தாண்டு வழிபாட்டுக்கு அந்த மூன்று நாளில் நரிதாசானுக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர். டோக்கியோவின் மெய்ஜி சன்னதிக்கும் அதே அளவு. கடைத்தெருவில் நடக்க முடியாது, நகர்த்திக்கொண்டுதான் போவார்கள். கோயில் வாயில் தாண்டினால் கருங்கல் படிகள். முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள்.

டோக்கியோவின் அசகுசா கோயிலும் அன்றைக்கு அப்படித்தான். சிறிய உணவகங்கள் பல 4ஆம் தேதி வரை திறக்காது. சுருக்கமாக, கோயில் வேண்டுமென்றால் கூட்டம். கூட்டம் வேண்டாமென்றால் பூட்டிய கதவு.

கடைசி பெஞ்சு
டிசம்பர் 12, 2024

மகள் கட்சியில் நான். ஷிபுயாவில் அன்று புத்தாண்டுத் தள்ளுபடி. "அதிர்ஷ்டப் பை" என்று ஒன்று விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, போட்ட பணத்துக்கு மேல் பொருள் இருக்கும் என்பது மட்டும் உறுதி. பெரியவர்கள் காப்பிக் கடையில் உட்காரட்டும்.

கணக்குப்பிள்ளை
டிசம்பர் 12, 2024

என்ன இருக்கிறது என்று தெரியாத பையை, பெட்டி மூடும் நாளில் வாங்கச் சொல்கிறீர்கள். எடைக்கு யார் பொறுப்பு?

நெடுந்தூரன்
டிசம்பர் 13, 2024

ஜனவரி 3 என்று தலைப்பிலேயே இருக்கிறது; இதுவரை ஒருவரும் ஹகோனே எக்கிடென் பற்றிப் பேசவில்லையே என்றுதான் நுழைகிறேன்.

டோக்கியோவைச் சுற்றியுள்ள பல்கலைக்கழக மாணவர்களின் தொடர் ஓட்டம். 1920இல் தொடங்கியது. ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோவின் ஒதெமாச்சியிலிருந்து ஹகோனே மலை ஏரிக்கரை வரை ஐந்து பேர். 3ஆம் தேதி அங்கிருந்து திரும்பி ஒதெமாச்சி வரை ஐந்து பேர். மொத்தம் 217 கிலோமீட்டர் சொச்சம். ஓர் ஆளின் பங்கு ஏறத்தாழ அரை மாரத்தான். ஜப்பானில் எத்தனையோ வீடுகளில் புத்தாண்டு என்றால் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு இதைத் தொலைக்காட்சியில் பார்ப்பதுதான். நீங்கள் இருக்கும் நாளில், நீங்கள் இருக்கும் ஊரில், பிற்பகல் ஒன்றரை வாக்கில் அது முடிகிறது. டிக்கெட் கிடையாது. தெருவோரம் நின்றால் போதும்.

இதில் கோலுக்குப் பதில் தோளில் குறுக்காகப் போடும் துணிப்பட்டை, தசுக்கி. ஓடுகிறவன் தன் பங்கு முடியும் இடம் நெருங்கியதும் அதைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொள்வான். காலையிலிருந்து பலருடைய வியர்வை ஊறிய துணி. அதை அடுத்தவன் கையில் கொடுத்த கணம் விழுந்துவிடுகிறவர்களும் உண்டு. விழுவதற்கு முன் திரும்பி, தான் ஓடிவந்த சாலையைப் பார்த்துக் குனிந்து வணங்குகிறவர்களும் உண்டு. திரும்பும் நாளில் முதல் அணிக்கு 20 நிமிடம் பின்தங்கிவிட்டால், வந்துகொண்டிருப்பவனுக்காகக் காத்திராமல் அடுத்தவனை ஓடச் சொல்லிவிடுவார்கள், வேறு பட்டையோடு. இருபது முப்பது மீட்டர் தொலைவில் தோழன் பட்டையை நீட்டிக்கொண்டு ஓடி வருவான். இங்கே ஆள் கிளம்பிப் போயிருப்பான். அதைப் பார்த்து அழாத ஜப்பானியரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

முதலிடத்தைவிட எனக்குப் பிடித்தது பத்தாமிடம். முதல் பத்து அணிகளுக்கு அடுத்த ஆண்டு நேரடி இடம். பதினொன்றாவது வருகிறவர்கள் அக்டோபரில் தகுதிப் போட்டி ஓடி வர வேண்டும். 2011இல் கொக்குகாக்குயின் பல்கலைக்கழகத்தின் கடைசி ஓட்டக்காரர், முடிவுக்கோட்டுக்குச் சற்று முன் தொலைக்காட்சி வண்டி திரும்பிய பக்கம் தானும் திரும்பிவிட்டார். சுதாரித்து ஓடி வந்து, மூன்று நொடி வித்தியாசத்தில் பத்தாமிடத்தைப் பிடித்தார்.

சும்மா ஒருவன்
டிசம்பர் 13, 2024

ஜப்பானுக்குப் போய்த் தெருவில் நின்று யாரோ ஓடுவதைப் பார்க்க வேண்டுமா? ஒரு ஆள் கடந்துபோக எவ்வளவு நேரம் ஆகும், மூன்று நொடி? அதற்கு ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும். ஏழு எட்டு வயதுப் பையனையும் முழங்கால் வலிக்காரரையும் வைத்துக்கொண்டு. சென்னை மாரத்தான் அன்று நம் தெருவில் போக்குவரத்தை நிறுத்தினால் திட்டுகிறோம்.

நெடுந்தூரன்
டிசம்பர் 13, 2024

மூன்று நொடிதான், மறுக்கவில்லை. ஆனால் 21 அணிகள். கியோட்டோவின் தங்கக் கோயிலை ஆண்டு முழுவதும் பார்க்கலாம்; இது இரண்டே நாள். மற்ற இடங்களில் நீங்கள் சுற்றுலாப் பயணி. இங்கே பக்கத்தில் நிற்கும் தாத்தாவுக்கும் உங்களுக்கும் ஒரே வேலை, கைதட்டுவது.

வைகைக்கரை
டிசம்பர் 14, 2024

மகளிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவள் பள்ளியில் தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடுகிறவள். அக்டோபரில் ஒரு போட்டியில் கோல் கைமாறும்போது கீழே விழுந்ததைப் பற்றி இதுவரை வீட்டில் வாய் திறக்காதவள். "20 நிமிடம் ஆனால் காத்திருக்க மாட்டார்களா?" என்று மட்டும் கேட்டாள். ஷிபுயாவைப் பற்றி அதன் பிறகு பேச்சில்லை.

போகிறோம். எங்கே நிற்பது, பெட்டிகளை எங்கே வைப்பது, அத்தை என்ன சாப்பிடுவார்? வீட்டுக்காரர் வேறு, சக்கரம் உடைந்த பெட்டி ஒன்றை விடுதியிலேயே விட்டுவிட்டு வரலாம் என்கிறார்.

டோக்கியோவாசி
டிசம்பர் 14, 2024

ஒதெமாச்சி முடிவுக்கோட்டுக்குப் போகாதீர்கள், தலைதான் தெரியும். உவேனோவில் கின்சா தடச் சுரங்க ரயில் ஏறி கியோபாஷியில் இறங்குங்கள். மாறவே வேண்டாம். 1927இல் உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவில் தொடங்கிய தடம், ஆசியாவிலேயே முதலாவது. அதனால் நடைமேடை ஆழத்தில் இல்லை, படிகள் குறைவு. கடைசிக் கட்டம் கியோபாஷி, நிஹோன்பாஷி வழியாகத்தான் போகிறது. பன்னிரண்டேகாலுக்குள் போனால் முன்வரிசை கிடைக்கலாம். சாலையை மூடினாலும் சுரங்க ரயில் ஓடும். காகிதக் கொடி கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒட்டும் வெப்பப் பை பத்து வாங்கி வையுங்கள். இரும்புத்தூள் காற்றுப்பட்டுத் துருப்பிடிக்கும் சூடுதான் அது. உள்ளாடைக்கு மேல் ஒட்ட வேண்டும், தோலில் அல்ல. பெரியவர்களுக்குத் தெரியாமலே சுட்டுவிடும்.

பெட்டிகள் விடுதியிலேயே இருக்கட்டும். அறையைக் காலி செய்த பிறகும் மாலை வரை வைத்திருப்பார்கள். டோக்கியோ நிலையத்தின் காசுப் பெட்டகங்களை அன்று நம்ப வேண்டாம். இரண்டரைக்கு உவேனோ திரும்பி, கெய்செய் உவேனோ நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் விரைவு ரயில், ஒருவருக்கு 2,580 யென், முக்கால் மணி நேரத்துக்குள் நரிதா. அங்கிருந்தே புறப்படும் ரயில், அவசரமில்லாமல் ஏறலாம்.

உடைந்த பெட்டி விஷயத்தில் அண்ணனிடம் சொல்லுங்கள்: வேண்டாம். இங்கே பெரிய பொருளைக் குப்பையில் போட நகராட்சிக்குப் பணம் கட்டி ஒட்டுச்சீட்டு வாங்க வேண்டும். கேட்காமல் விட்டுப் போகும் பெட்டிகள் விடுதிக்காரர்களுக்குத் தீராத தலைவலி. வரவேற்பில் கேளுங்கள், கட்டணம் சொன்னால் கட்டிவிடுங்கள்.

அடுப்படி
டிசம்பர் 15, 2024

அத்தைக்குச் சாப்பாடு என் பொறுப்பு. ஜப்பானில் காய்கறிக் குழம்பில்கூட உலர்ந்த மீன் சாறு இருக்கும், அதனால் "காய்தான் போட்டிருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னாலும் தொடாதீர்கள். கன்வீனியன்ஸ் கடைகளில் பாக்கெட் சோறு கிடைக்கும். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். முந்தின நாளே வாங்கிக் கடையிலேயே சூடாக்கித் தரக் கேளுங்கள். சர்க்கரை சேர்க்காத தயிர் 400 கிராம் டப்பாவில் இருக்கிறது, நம் தயிருக்குப் பக்கத்தில் வரும் புளிப்பு. உப்பும் ஊறுகாயும் நீங்கள் கொண்டுபோகப் போவது எனக்குத் தெரியும்.

வெளியில் நிற்கும்போது: தானியங்கி இயந்திரத்தில் சிவப்புப் பட்டை போட்டிருப்பது சூடு, நீலம் குளிர்ச்சி. சோளச் சூப்பு டப்பா பிள்ளைகளுக்கு. பலவற்றில் கோழிச் சாறு உண்டு, அத்தைக்கு வேண்டாம். அவருக்குச் சிவப்புப் பயறு இனிப்புக் கஞ்சி டப்பா, பெரும்பாலும் பயறு, சர்க்கரை, உப்பு மட்டும். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு குளிர்காலம் முழுவதும் கிடைக்கும். காகிதப் பையோடு கோட்டுப் பைக்குள் வைத்தால் கையும் சூடாகும்.

கணக்குப்பிள்ளை
டிசம்பர் 15, 2024

காசு விஷயம். ஒசாகாவில் இக்கோக்கா என்ற, பணம் ஏற்றி ரயிலிலும் கடையிலும் பயன்படுத்தும் அட்டையை வாங்கினால் அதில் 500 யென் முன்பணம் பிடிப்பார்கள். டோக்கியோவில் அது வேலை செய்யும்; ஆனால் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியாது, அது மேற்கு ஜப்பானில் மட்டும். ஆகவே கடைசி நாளில் மீதியைக் கடையில் செலவழித்துவிட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்து ஆண்டு உயிரோடு இருக்கும்.

சில்லறையை நாணய மாற்றுக்காரர்கள் வாங்க மாட்டார்கள். நரிதாவில் பொம்மை உருண்டை விழும் இயந்திரங்களை வரிசையாக வைத்திருப்பதே அதற்காகத்தான். மகனிடம் நாணயங்களைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு யென் நாணயத்தைத் தண்ணீரில் மெதுவாக வைக்கச் சொல்லுங்கள், மிதக்கும். சுத்த அலுமினியம், சரியாக ஒரு கிராம்.

வரியில்லாமல் வாங்கி முத்திரையிட்டுக் கொடுத்த தின்பண்டப் பையை நாட்டை விட்டுப் போகும்வரை பிரிக்கக் கூடாது. அதில் திரவம் எதுவும் இருந்தால் கீழே போகும் பெட்டியில்.

வைகைக்கரை
ஜனவரி 8, 2025

வந்து சேர்ந்துவிட்டோம். துணி துவைத்து முடிந்ததும் எழுதுகிறேன்.

ஃபுஜி மலை தெரிந்ததா என்று யாரும் கேட்க வேண்டாம். "ஈ" இருக்கையை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு, நகோயா தாண்டியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் குல்லாய்தான்.

3ஆம் தேதி கியோபாஷியில் பன்னிரண்டு மணிக்கே போய் நின்றோம். முன்வரிசையில் இருந்த ஒரு ஜப்பானியப் பாட்டி அத்தையின் காலைப் பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்த மடக்கு நாற்காலியைத் தட்டிக் காட்டினார். அத்தை மறுக்க, அவர் வற்புறுத்த, இரண்டு பேரும் அவரவர் மொழியில் கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு, மாறி மாறி உட்காருவது என்று முடிவானது. கட்டிடங்களுக்கு நடுவில் வரும் காற்று மூக்கு நுனியை அறுத்தது. மகன் சோளச் சூப்பைக் குடித்து முடித்து, அடியில் ஒட்டிய மணிகளுக்காக டப்பாவைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டே இருந்தான்.

முதலில் ஹெலிகாப்டர் சத்தம். பிறகு வெள்ளை மோட்டார் சைக்கிளில் போலீஸ், தொலைக்காட்சி வண்டி, அப்புறம் பச்சைப் பட்டையோடு அந்தப் பையன். கொடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் படபடத்தன, காலணிச் சத்தம் கேட்டது, போய்விட்டான். "அவ்வளவுதானா?" என்றான் மகன். ஒருவன் அண்ணா, உங்களைத்தான் நினைத்தேன். அது ஆவோயாமா காக்குயின், மொத்தம் 10 மணி 41 நிமிடம் 19 நொடி, புதிய சாதனை என்று பிறகு படித்தோம். அடுத்த ஆள் வர மூன்று நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆனது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் நடந்தது. ஏழு அணிகள் போன பிறகு நான்கு பேர் ஒரே கூட்டமாக வந்தார்கள், தோளோடு தோள். அதுவரை மரியாதையாகக் கைதட்டிக்கொண்டிருந்த தெரு கத்தத் தொடங்கியது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பாட்டி மகளைத் தொட்டு, நான்கு விரலைக் காட்டி, ஒன்றை மடக்கினார். நால்வரில் மூவருக்குத்தான் இடம். மகள் தடுப்புக் கயிற்றில் வயிறு அழுந்த எக்கிக்கொண்டு தமிழில் "விடாதே, விடாதே" என்று கத்தினாள். யாரைப் பார்த்து என்று கேட்டேன். "நாலு பேரையும்தான்" என்றாள்.

டோக்கியோ கொக்குசாய், தோயோ, தெய்க்கியோ மூன்றும் உள்ளே. ஜுந்தெந்தோ வெளியே, ஏழு நொடியில். 217 கிலோமீட்டரில் ஏழு நொடி. சுரங்க ரயில் நடைமேடையில் கைபேசியில் பார்த்துச் சொன்னபோது, "நாலு பேருக்கும் கொடுத்தால் இவர்கள் வீட்டுச் சொத்தா குறைந்துவிடும்" என்றார் அத்தை. கடைசி அணி போகும்வரை அவர் நகரவில்லை. கடைசியில் வந்த பையனுக்குத்தான் அதிகம் கைதட்டினார். தயிர் சோறு உவேனோ விடுதி வரவேற்பறை மூலையில், அவர்கள் அனுமதியோடு.

உடைந்த பெட்டிக்கு விடுதியில் சிறு கட்டணம் கேட்டார்கள். வீட்டுக்காரர் கட்டிவிட்டு ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சும்மா ஒருவன்
ஜனவரி 8, 2025

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் சகோதரி. இருந்தாலும் ஃபுஷிமி இனாரியைக் காலையில் பார்த்திருக்கலாம் என்றுதான் இன்னும் சொல்வேன்.

நெடுந்தூரன்
ஜனவரி 8, 2025

அந்த நால்வரை நேரில் பார்த்திருக்கிறீர்கள். இங்கே தொலைக்காட்சி முன்னால் நான் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றேன். மகள் மறுபடி ஓடுகிறாளா?

வைகைக்கரை
ஜனவரி 9, 2025

ஓடுகிறாள். காலை ஐந்தரைக்கு என்னையும் எழுப்பிவிடுகிறாள், அதைப் பற்றித் தனியாக ஒரு புகார் இழை தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

செம்மண் பாதை
ஜனவரி 10, 2025

இழையை முழுவதும் படித்தேன். நாங்கள் பிப்ரவரி 2ஆம் தேதி இரவு நரிதாவிலிருந்து கிளம்புகிறோம். அப்பா, அம்மாவோடு. ஓட்டம் முடிந்துவிட்டது; எங்களுக்கு என்ன இருக்கிறது?

பனை ஓலை
ஜனவரி 10, 2025

இப்போது என் முறை. நரிதாசானுக்கே போங்கள். இந்த ஆண்டு செத்சுபுன் பிப்ரவரி 3 அல்ல, 2ஆம் தேதி வருகிறது. குளிர்காலத்தை வழியனுப்பும் நாள். கோயில் மேடையிலிருந்து சுமோ மல்லர்கள் வறுத்த சோயாப் பயறு வீசுவார்கள். மற்ற இடங்களில் "பேயே வெளியே போ" என்று கத்தி வீசுவது வழக்கம். இங்கே அந்த வரி இல்லை. இந்தக் கோயில் தெய்வமான ஃபுதோ பேயையும் திருத்திவிடுவார் என்பதால் "நன்மை உள்ளே வா" மட்டும்தான். கூட்டம் இருக்கும், புத்தாண்டுக் கூட்டம் அளவுக்கு இராது. பெட்டிகளை முதலில் விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரயிலில் ஊருக்குள் வாருங்கள்.

டோக்கியோவாசி
ஜனவரி 10, 2025

இந்த முறை எனக்கு மறுப்பில்லை. படிகளில் அப்பாவைக் கைப்பிடியோரம் ஏற்றுங்கள். பயறு சைவம்தான், தாராளமாகப் பிடித்துச் சாப்பிடலாம்.